மரக்கடைக்காரரின் அடித்தகடு

என் அண்ணன் ஒரு லாரி ஓட்டுநரின் தாடையை உடைத்த எட்டாம் நாள், மரக்கடைக்காரர் தன் பிக்கப் வண்டிக்குப் புது அடித்தகடு போட எங்கள் பட்டறைக்கு வந்தார்.

அந்த லாரிக்காரர் ஒரு பாவமும் அறியாதவர். லாரியின் முன்பக்கம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் டயருக்குக் காற்றடிக்க நிறுத்தியவரை அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்து, "எங்க அத்தான எங்கடா அடிச்ச?" என்று கேட்டான். "எந்த அத்தான்?" என்றார் அவர். கேட்ட வாயிலேயே குத்து விழுந்தது. கீழே சாய்ந்தவரின் முகத்தில் அண்ணனின் பூட்ஸ் இரண்டு முறை இறங்கியது. மாமாவும் நானும் அவனை இழுத்துப் பிரிப்பதற்குள் இரண்டு பற்கள் தரையில் கிடந்தன. நான் அவற்றைப் பொறுக்கி, காகிதத்தில் மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மாமா மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நடையாய் நடந்து, கெஞ்சி, அது வழக்காகாமல் பார்த்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அண்ணனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "இன்னொரு தடவ உன் கை யார் மேலயாவது பட்டுச்சு, அப்புறம் உங்க மாமா இல்ல, கடவுளே வந்து நின்னாலும் விடமாட்டேன்."

அன்று அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அண்ணனுக்கு நேராக நின்றாள்.

"ஒருத்தர மண்ணுக்குக் குடுத்துட்டேன். உன்ன ஜெயிலுக்குக் குடுக்கணுமா? சொல்லு, குடுத்துடறேன்."

"அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்க்கா. அப்புறம் என்னத் தூக்குல போட்டாலும் சரி."

"கிடைக்கவே வேணாம்" என்றாள் அக்கா. "எனக்கு அவன் வேணாம். நீ வேணும்."

அண்ணன் வீண்பேச்சுப் பேசுகிறவன் இல்லை. சொன்னால் செய்துவிடுவான். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பயம்தான்.

அக்காவின் கணவர் இறந்து அப்போது பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பட்டறைக்கு வேண்டிய தகடு, போல்ட், பெயின்ட் எல்லாம் வெளியே போய் வாங்கி வருவது அத்தானின் வேலை. காட்டோரத்து மண்பாதையில் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தவர்மேல், பொழுது சாயும் நேரத்தில் ஏதோ ஒரு வண்டி ஏறிப் போயிருந்தது. மார்புக்கூடு முழுவதும் உடைந்திருந்தது. பார்த்தவர் எவரும் இல்லை. போலீஸ் படம் எடுத்துக்கொண்டு பைக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. தினமும் ஒருமுறை அண்ணன் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவான்.

அந்த பைக்கின் கால் காப்புக் கம்பி அண்ணன் கையால் செய்தது. கடையில் விற்பது உருண்டைக் குழாய். அண்ணன் மிச்சம் கிடந்த சதுரக் குழாயை வெட்டி, மூலைகளில் தடிமனாக வெல்டிங் வைத்து, டப்பாக்களில் ஒட்டியிருந்த இரண்டு பெயின்டுகளைக் கலந்து அடித்தான். அழுகிய பச்சை நிறம் ஒன்று வந்தது. "யாரோ வாந்தி எடுத்த கலர்ல இருக்குடா மச்சான்" என்று அத்தான் சிரித்தார். ஆனாலும் மாற்றவில்லை. அந்த நிறத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் பட்டறையில் ஒரே வேலைதான். கரடுமுரடான பாதைகளில் ஓடும் வண்டிகளுக்கு அடியில் தகடு பொருத்துவது. என்ஜினுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. ஒரு கல் அதைக் கிழித்துவிட்டால் எண்ணெய் ஒழுகிப்போய், என்ஜின் சில நிமிடங்களில் தன்னையே அரைத்துத் தின்றுவிடும். அந்த அடியை எண்ணெய்த் தொட்டிக்குப் பதில் தகடு வாங்கிக்கொள்ளும். வருகிறவர்கள் அதை கார்டு என்பார்கள்.

மாமாதான் முதலாளி, அம்மாவின் தம்பி. அண்ணன் வெல்டர். நான் இயற்பியல் படித்தவள். எந்த வண்டிக்கு எந்தத் தகடு என்று சொல்வது என் பொறுப்பு. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தகட்டை முடிவு செய்யும் முன் பழையதைக் கழற்றி, மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, வண்டிக்காரர் முன்னால் நான் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எங்கே கல் பட்டது, எங்கே தரை உரசியது, எவ்வளவு ஆழம். மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினால் என் குரல் நடுங்கும், தகட்டைப் பார்த்துப் பேசினால் நடுங்காது. மாமா இதைக் கவனித்துத்தான் அந்த வழக்கத்தை உண்டாக்கினார் என்று நினைக்கிறேன். "எங்க டாக்டரம்மா. வயித்தத் தடவியே வியாதியச் சொல்லிடும்" என்று வருகிறவர்களிடம் என்னைக் காட்டுவார்.

மாமாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தகட்டைத் திருடிப்போகிறவர்கள் அதிகம் என்பதால், தலையில் மூன்று குழி உள்ள போல்ட்டை அவரே கடைந்து போட்டிருந்தார். அதைத் திறக்க மூன்று முள் வைத்த ஒரு இரும்புச் சாவி, முழங்கை நீளத்தில், எங்களிடம் மட்டும் இருந்தது. "என் பொண்டாட்டி மனசக்கூடத் தொறந்துடலாம், இதத் தொறக்க முடியாது" என்பார். "அதுக்கு நீங்க எங்க சாவி தேடினீங்க?" என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும்.

மரக்கடைக்காரர் வந்தது காலை பத்து மணிக்கு. பெரிய உடம்பு, மெல்லிய குரல். பத்து வருடப் பழக்கம். அத்தான் இறந்த மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதவர். அண்ணனின் தோளைத் தட்டி, "தைரியமா இருப்பா, அவன் நாசமாப் போவான்" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

"வாங்க முதலாளி" என்றார் மாமா. "என்ன, வண்டிக்கு வயித்துவலியா?"

"மரக்கட்ட ஒண்ணு மேல ஏத்திட்டேங்க. கார்டு நெளிஞ்சு எண்ணெய்த் தொட்டிய இடிக்குது. புதுசு போட்டுடுங்க."

"மரத்த விக்கிற உங்களையே மரம் பழிவாங்குதா? போட்டுடலாம். டாக்டர், நோயாளி வந்தாச்சு."

நான் வண்டியைத் தூக்கியில் ஏற்றினேன். இரண்டு இரும்புத் தூண்களின் கைகள் வண்டியைப் பிடித்து ஆள் உயரத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தின. கடைசி மூலையில் அண்ணன் முகமூடி போட்டுக்கொண்டு கிரைண்டரில் எதையோ அறுத்துக்கொண்டிருந்தான். தீப்பொறி சுவரில் அடித்துச் சிதறியது.

"பாப்பா, எது நல்லதுனு சொல்லு" என்றார் மரக்கடைக்காரர்.

"எஃகு நாலு மில்லிமீட்டர் இருக்கு. அலுமினியம் ஆறு மில்லிமீட்டர் இருக்கு. எஃகு கனம், ஆனா பாறை மேல வழுக்கிட்டுப் போயிடும். அலுமினியம் பாதி எடைதான் வரும், ஆனா மெத்துனு இருக்கும், பாறையில சிக்கி இழுக்கும்."

"எதுல தடம் விழாது?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. இத்தனை வருடத்தில் எல்லோரும் எது தாங்கும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"ரெண்டுலயும் விழும்" என்றேன். "தடம் விழத்தானே அது இருக்கு?"

"சரி சரி, எஃகே போடு. ஓட்டை ஒண்ணும் வைக்காத, மொத்தமா மூடிடு."

"எண்ணெய் மாத்த ஓட்டை வேணுங்க. காத்தும் போகணும். மூடினா கியர்பெட்டி சூடாயிடும்."

"உன் இஷ்டம். பழசக் கழட்டி அப்படியே வண்டிப் பின்னால போட்டுடு. கோழிக்கூண்டுக்குக் கதவாக்கணும்."

நான் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். முதல் போல்ட்டைச் சுற்றி உளி வைத்து அடித்த வெட்டுகள் இருந்தன. உலோகம் இன்னும் பளபளவென்று இருந்தது, துரு ஏறவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. ஆறு போல்ட்டிலும் அப்படியே. யாரோ இந்தத் தகட்டை எங்களிடம் வராமல் கழற்றப் படாதபாடு பட்டிருக்கிறார்கள்.

"திருட வந்தானுங்க போல" என்றார் அவர், நான் கேட்காமலே.

தகட்டை இறக்கி மேசைமேல் கவிழ்த்தேன். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். மரக்கட்டையில் ஏறியவர் எதற்காகத் தகட்டின் அடியைக் கழுவ வேண்டும்? இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

"முன் ஓரத்துல ஒரு குழி. ஆழம் இருபத்திரண்டு மில்லிமீட்டர். அகலம்..."

அகலத்தை அளக்கக் குனிந்தேன். குழி உருண்டையாக இல்லை. கல்லும் மரமும் இப்படிச் செங்கோணத்தில் பதியாது. ஒரு சதுரக் குழாயின் மூலை அது. மூலைக்குப் பக்கத்தில் அரிசியை வரிசையாக அடுக்கியதுபோலச் சின்னச் சின்ன மேடுகள் தகட்டில் பள்ளமாகப் பதிந்திருந்தன. வெல்டிங் வரிசை. அதை வைக்கும்போது விளக்குப் பிடித்தவள் நான்.

தகட்டின் முன் ஓரம் உள்ளே மடிந்திருந்தது. தூரிகை அந்த மடிப்புக்குள் போயிருக்காது. ஸ்கேலின் நுனியை விட்டுச் சுரண்டினேன். நுனியில் அழுகிய பச்சை ஒட்டி வந்தது.

"அப்புறம் டாக்டர்?" என்றார் மாமா.

அப்புறம் கீறல்கள். ஒரு கீறல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்பதை அதன் முடிவைத் தொட்டுப் பார்த்தால் சொல்லிவிடலாம். உழப்பட்ட உலோகம் முடியும் இடத்தில் குவிந்து நிற்கும். வண்டி முன்னால் போகும்போது விழும் கீறல் தகட்டின் பின்பக்கம் முடியும். இதில் அப்படி ஒரு கட்டு இருந்தது. அதன்மேல், எதிர்த்திசையில், முன்பக்கம் முடியும் இன்னொரு கட்டு இருந்தது. அதாவது வண்டி பின்னால் வந்திருக்கிறது. அதையும் வெட்டிக்கொண்டு, ஒரு சாண் தள்ளி, சாய்வாக, மறுபடி முன்னால் போன மூன்றாவது கட்டு இருந்தது.

முன்னால் ஒரு முறை. பின்னால் ஒரு முறை. பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பி இன்னொரு முறை.

கிரைண்டர் நின்றது. அண்ணன் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தான். பட்டறை முழுக்க என் குரலுக்காகக் காத்திருப்பதுபோல இருந்தது. மரக்கடைக்காரரின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. நகங்கள் வெளுத்திருந்தன.

"கல்லு" என்றேன். "எல்லாம் கல்லுதான்."

நகங்களுக்கு நிறம் திரும்பியது.

"நான் மரம்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தார். "சரி, அதத் தூக்கி வண்டியில போடு பாப்பா."

தகடு போய்விட்டால் எல்லாம் போய்விடும். அவரை நிறுத்த எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பழசு அச்சுக்கு வேணும்" என்றேன். பதற்றத்தில் குரல் உரக்க வந்துவிட்டது. "புதுசுல ஓட்டை குறிக்கணும்."

"ஆமாங்க, பழசு இல்லாம புதுசுக்கு எங்க ஓட்டை போடறது? ஒரு மணி நேரம், உக்காருங்க" என்றார் மாமா.

நான் மாமாவின் கையைப் பிடித்து அலுவலக அறைக்குள் இழுத்துப் போனேன். கதவைச் சாத்தினேன்.

"மாமா, இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணுங்க. அத்தான அடிச்சது இவர்தான்."

மாமா என்னைப் பார்த்தார். ஜோக் எதுவும் வரவில்லை.

"கல்லுன்னியே?"

"அண்ணன் கேட்டுட்டிருந்தான் மாமா."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். போனைத் தேடி மேசையிலிருந்த எல்லாவற்றையும் கீழே தள்ளினார். "அவனுக்குத் தெரியக் கூடாது. போலீஸ் வர்ற வரைக்கும் தெரியக் கூடாது. நீ வெளிய போ, அந்தத் தகட்டு மேல ஏறி உக்காந்துக்கோ. போ!"

நான் வெளியே வந்தேன். மேசைமேல் தகடு இல்லை.

அச்சு எடுப்பது அண்ணன் வேலை. நான் பழசு அச்சுக்கு வேண்டும் என்று சொன்னதும், தினமும் செய்வதுபோல அவன் வந்து தகட்டைத் தன் மேசைக்குத் தூக்கிப் போயிருந்தான். மரக்கடைக்காரரை நிறுத்த ஒரு பொய் தேடியவள், அந்தப் பொய் தகட்டை யார் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் என்று யோசிக்கவில்லை.

அண்ணன் சாக்கட்டியால் ஓட்டைகளைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று வட்டம் போட்டான். நான்காவது போடும்போது அவனுடைய சுண்டுவிரல் குழிக்குள் இறங்கியது. சாக்கட்டி நின்றது. அவன் முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டுக் குனிந்தான். விரலால் அந்தச் சின்னப் பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தடவினான். தான் வைத்த வெல்டிங்கை எந்த வெல்டருக்கும் தெரியும், தன் கையெழுத்தைப்போல.

அவன் கத்தவில்லை. சாக்கட்டியை டப்பாவில் போட்டான். பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். தார்ப்பாய் சரசரக்கும் சத்தம் கேட்டது.

நான் மரக்கடைக்காரரிடம் ஓடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதரின் முகத்தை நேராகப் பார்த்து, நடுங்காமல் பேசினேன்.

"ஓடிடுங்க."

"என்ன பாப்பா?"

"எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிடுச்சு. ஓடுங்க. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுங்க. எங்கயாவது ஓடுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். "வண்டி?" என்றார்.

வண்டி தூக்கியில், தலைக்கு மேல், வயிறு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்துக்குள் அண்ணன் உள்ளே வந்துவிட்டான். கையில் ஜாக்கியின் கைப்பிடிக் கம்பி இருந்தது.

முதல் அடி முழங்காலில் விழுந்தது. காய்ந்த கிளை முறிவதுபோல ஒரு சத்தம். கால் மடிய முடியாத திசையில் மடிந்தது. அவர் விழுந்த பிறகுதான் அலறினார்.

"மரக்கட்ட மேலயா ஏறின?" என்றான் அண்ணன். இரண்டாவது அடி தோளில். "சொல்லு. மரக்கட்டையா?"

"தம்பி, தம்பி, தெரியாம..."

"தெரியாம ஏறினவன் நிறுத்தியிருப்பான்." மூன்றாவது அடியை அவர் கையால் தடுத்தார். விரல்கள் நசுங்கின. ரத்தம் அவர் சட்டையிலும் அண்ணன் முகத்திலும் தெறித்தது. "எங்க வீட்டுக்கு வந்து அழுதியே. குழந்தைய மடியில வச்சியே."

நான் அண்ணனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அவன் ஒரு உதறு உதறினான். என் முதுகு தூணில் மோதியது. சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது.

மரக்கடைக்காரர் ஒற்றைக் கையால் தரையைப் பற்றிப் பற்றித் தூக்கிக்கு அடியில் நகர்ந்தார். எண்ணெய்க் கறையோடு ரத்தம் கோடாக அவர் பின்னாலேயே போனது. தன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்துகொண்டு பேசினார். நிறுத்த முடியாதவர்போலப் பேசினார்.

"நான் நிறுத்தினேன் தம்பி. நிறுத்தினேன். பின்னால எடுத்துட்டு இறங்கலாம்னுதான் பாத்தேன். அவர் உயிரோட இருந்தாரு. லைட் வெளிச்சத்துல என்னைப் பாத்துட்டாரு. 'அண்ணே, நாந்தாண்ணே'ன்னாரு. கைய நீட்டினாரு. என்னைத் தெரிஞ்சிடுச்சே, வெளிய சொல்லிடுவாரேன்னு... எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு..."

அண்ணன் அவருடைய நெஞ்சின்மேல் ஒரு காலை வைத்தான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது நெற்றியை.

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். அந்தச் சொற்கள் எனக்குள்ளும் இறங்கியிருந்தன. 'நாந்தாண்ணே.' அந்த நெற்றி உடைவதை என் உடம்பில் ஒரு பாதி விரும்பியது. மாடிப்படியில் குழந்தையின் கொலுசுச் சத்தம் கேட்டது. அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

சாவியை ஓங்கி அண்ணனின் வலது மணிக்கட்டில் அடித்தேன்.

என்னால் முடிந்த அளவு முழுவதையும் போட்டு அடித்தேன். அரைகுறையாக அடித்தால் அவன் நிறுத்தமாட்டான் என்று எனக்குத் தெரியும். எலும்பு உடைந்தது கைப்பிடி வழியாக என் தோள்வரை தெரிந்தது. கம்பி நழுவி மரக்கடைக்காரரின் காதுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்து துள்ளியது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வலி இன்னும் அவனுக்கு வரவில்லை. ஆச்சரியம்தான் இருந்தது. பிறகு கை தளர்ந்து தொங்குவதைப் பார்த்தான். முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"உனக்கு அவனாடீ வேணும்?" என்றான்.

நான் காலால் கம்பியை எட்டித் தள்ளினேன். அது மேசைக்கடியில் உருண்டு போனது. அவன் இடக்கையால் தேடி எடுத்துவிடுவானோ என்று சாவியை மறுபடி ஓங்கிக்கொண்டு அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றேன். அக்கா கதவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். மாமா போனைக் கையில் பிடித்தபடி அலுவலக அறை வாசலில் நின்றார். ஜீப் வரும்வரை யாரும் நகரவில்லை. மரக்கடைக்காரர் மட்டும் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மாமாதான் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு அந்தத் தம்ளரைச் சாக்கடையில் எறிந்தார்.

இன்ஸ்பெக்டர் முன்னால் தகட்டை நான் மறுபடி படித்தேன். இந்த முறை பொய் சொல்லவில்லை.

"வண்டி பைக்குல சிக்கியிருக்கும். பின்னால எடுத்து, மறுபடி முன்னால போயிருப்பாரு. அப்படியும் இருக்கலாம்ல?" என்று கேட்டார்.

"மூணாவது கீறல் ஒரு சாண் தள்ளி, சாய்வா இருக்கு சார். விடுபட்டதுக்கு அப்புறம் ஸ்டியரிங்க ஒடிச்சிருக்காரு." பச்சை ஒட்டிய ஸ்கேலையும் கொடுத்தேன். மரக்கடைக்காரர் வண்டிக்கு அடியில் கிடந்து சொன்னதையும் சொன்னேன், ஒரு சொல் விடாமல். எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தி ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு எழுதினார்.

மரக்கடைக்காரர் பிழைத்துக்கொண்டார். முழங்கால் மடங்காது என்கிறார்கள். அண்ணன்மேலும் ஒரு வழக்கு உண்டு. அடித்துக் காயப்படுத்திய வழக்கு, கொலை வழக்கு இல்லை. ஐந்தாம் நாள் ஜாமீனில் வந்தான். விரல்நுனியிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. இரண்டு எலும்பு முறிந்திருந்தது. மறுபடி வெல்டிங் செய்யக் கை நிற்குமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. மாமா வழக்கம்போல ஆரம்பித்தார், "நம்ம டாக்டரம்மாதான் கைய ஒடச்சுது, அதுவே..." என்றார். முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அண்ணன் என்னிடம் பேசவில்லை. நான் தட்டில் சாப்பாடு வைத்தால் தள்ளிவிட்டான். அக்கா வைத்தால் இடக்கையால் சிந்திச் சிந்திச் சாப்பிட்டான்.

ஒரு நாள் மாலை மாடியில் மூவரும் இருந்தோம். அக்கா குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீதான தகட்டப் படிச்ச. அவர் உடனே போயிட்டாரா?"

நான் ஒரு சட்டையை எடுத்து மடித்தேன்.

"வலி தெரிஞ்சிருக்குமா? ஏதாவது பேசியிருப்பாரா? அந்த ஆள் ஏதும் சொன்னானா உங்க ரெண்டு பேர்கிட்டயும்?"

வழக்கு நடக்கும். நீதிமன்றத்தில் நான் எழுதிக் கொடுத்ததை யாரோ உரக்கப் படிப்பார்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்பாள். நீட்டிய கையையும் அந்தச் சொல்லையும். அது எப்படியும் வரும்.

"தகடு அதெல்லாம் சொல்லாதுக்கா" என்றேன். என் குரல் நடுங்கியது. பார்ப்பதற்குத் தகடு எதுவும் எதிரில் இல்லை.

அக்கா அண்ணன் பக்கம் திரும்பினாள். அவனும் கேட்டவன்தான். அவன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் சொல்லலக்கா" என்றான். "பேசறதுக்குள்ள இவ என் கைய ஒடச்சுட்டா."

அக்கா சட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குழந்தையைத் தூக்கி அவனுடைய இடப்பக்கத்து மடியில் உட்கார வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். குழந்தை மாவுக்கட்டைத் தட்டித் தட்டிச் சத்தம் வருகிறதா என்று பார்த்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அண்ணனின் முகம் சுருங்கியது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பிடிச்சுக்கோ" என்றான் என்னிடம். "விழுந்துடப் போகுது."